லாவெண்டர் பே வீடு: வியூ செஞ்சது எவ்ளோ, வீடு செஞ்சது எவ்ளோ

சிட்னி ஹார்பர்ல ஜன்னலை திறந்தா தண்ணி தெரியற வீடு எக்கச்சக்கமா இருக்கு, அதுல நிறைய வீட்ல பெயிண்டர்களும் இருந்திருக்காங்க. ஆனா ஆஸ்திரேலிய ஓவியர் பிரெட் வைட்லி இருந்த லாவெண்டர் பே வீட்டு ஜன்னல் மட்டும் தனியா ஒரு பிராண்டு மாதிரி ஆயிடுச்சு, அல்ட்ராமரின் நீலத்துல பெரிய கேன்வாஸ், ஓரமா ஒரு பனைமரம், அங்கங்க நாலஞ்சு வெள்ளை படகுன்னு பாத்தாலே ஆஸ்திரேலியால ஓவியம் பாக்கற ஆளுங்க பேரை சொல்லிடுவாங்க. ஏன் இந்த வீடுன்னு கேட்டா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், வியூ அப்படிங்க, அங்க உக்காந்தா யாரா இருந்தாலும் வரைவாங்கன்னு. எனக்கு அது ஒத்துக்க முடியல. யாரா இருந்தாலும் வரைவாங்கன்னா அந்த கரையில இருந்த எல்லாரும் வரைஞ்சிருக்கணுமே. அதனால இந்த வீட்டை ஒரு கேஸா எடுத்து, வியூ குடுத்தது எவ்ளோ, ரூம் குடுத்தது எவ்ளோ, அந்த ரூமை உண்டாக்கின ஆள் குடுத்தது எவ்ளோன்னு பிரிச்சு பாக்கலாம்னு தோணுச்சு.

வீட்டுக்கு வந்தப்போ ஆள் எந்த நிலைமையில இருந்தாரு

வைட்லி பொறந்தது 1939, சிட்னில. வளந்தது லாங்வில்ல, அதுவும் ஹார்பரோட ஒரு கிளை தண்ணி ஓரம்தான், அதனால தண்ணி அவருக்கு புதுசு கிடையாது. ஸ்காலர்ஷிப் கெடச்சு 1960ல ஐரோப்பா போயிட்டாரு. 1961ல லண்டன் டேட் கேலரி அவர் படம் ஒண்ணை வாங்குச்சு, வயசு 22 தான். 1962ல லண்டன்லயே வெண்டிய கல்யாணம் பண்ணாரு, 1964ல பொண்ணு ஆர்க்கி பொறந்தா. அப்புறம் நியூயார்க், செல்சி ஹோட்டல், வியட்நாம் போர் நடந்துட்டு இருந்த நேரம். அங்க தி அமெரிக்கன் டிரீம்னு 18 பேனல்ல ஒரு ராட்சச படம் செஞ்சாரு, கிட்டத்தட்ட 22 மீட்டர் நீளம், அதுல கோபம், பயம், சைரன் விளக்கு எல்லாம் இருக்கு. இந்த ஒரு படம் அமெரிக்காவையே மாத்தி போர நிறுத்த வச்சிடும்னு நெனச்சாருன்னு சொல்வாங்க. அவர் கேலரியான மார்ல்பரோ அதை மாட்டவே மாட்டோம்னுடுச்சு.

ஆள் நொந்து போயி நியூயார்க்கை விட்டு ஃபிஜிக்கு போனாரு, அங்க போதைப்பொருள் கேஸாகி வெளியேத்தினாங்க, 1969 கடைசில குடும்பத்தோட சிட்னி வந்து சேந்தாரு. இதை நான் இழுத்து சொல்றதுக்கு காரணம், அந்த வீட்டுக்குள்ள கால் வச்ச ஆளு, உலகத்தை படத்தால திருத்த போயி தோத்து, எங்கயாவது உக்காந்தா போதும்னு இருந்த 30 வயசு ஆளு. அந்த நிலைமையில வந்தவனுக்கு அமைதியான தண்ணி எப்படி தெரியும், எல்லாம் நல்லா போயிட்டு இருக்கறவனுக்கு எப்படி தெரியும், ரெண்டும் ஒண்ணு இல்லையே. வியூவுக்கு முழு மார்க் போடறவங்க இந்த இடத்துலயே கொஞ்சம் நிக்கணும்.

இடம்

லாவெண்டர் பே ஹார்பரோட வடக்கு கரையில, ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்கால ஒட்டி இருக்கற சின்ன குடா. தண்ணிய பாத்து நின்னா இடது பக்கம் லூனா பார்க்ங்கற பொழுதுபோக்கு பூங்கா, அதுக்கு மேல பாலம், வலது பக்கம் மெக்மஹன்ஸ் பாயிண்ட். வீடு சரிவுல மேல நிக்குது, வாக்கர் ஸ்ட்ரீட் கடைசில, பக்கத்துலயே ஒரு பார்க். வீட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல ரயில்வே நிலம், பீக் ஹவர் இல்லாத நேரத்துல ரயில் பெட்டிய நிறுத்தி வைக்கற சைடிங் அங்கதான் இருக்கு. வீடு 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது, இவங்க வந்தப்போ ஃப்ளாட் ஃப்ளாட்டா பிரிச்சு வாடகைக்கு விட்டிருந்தாங்க. முதல்ல ஒரு பகுதில வாடகைக்கு இருந்தாங்க, 1974ல வீட்டையே வாங்கிட்டாங்க. இன்னைக்கு அந்த ஏரியா ரேட்டை பாத்துட்டு யோசிக்காதீங்க, அப்போ அது பெயிண்டருங்க வாடகை குடுத்து இருக்கக்கூடிய இடம்.

வாங்கின உடனே நடந்த வேலைதான் என் கணக்குல முக்கியமான விஷயம். ஃப்ளாட்டுக்காக போட்ட தடுப்பு சுவரை எல்லாம் எடுத்து திரும்ப ஒரே வீடா ஆக்கினாங்க, உள்ள பெரிய திறந்த ஹால் வந்துச்சு, வெள்ளை சுவர், தண்ணி பக்கம் பெரிய ஜன்னல். முன்னாடி ஒரு சின்ன ரூம் ஜன்னல்ல துண்டா தெரிஞ்ச தண்ணி, இப்போ ஹால் உள்பக்கத்துல உக்காந்திருந்தாலும் தெரியுது. அதாவது நீங்க ரூமையும் தண்ணியையும் ஒரே பார்வையில பாக்கலாம். அவரோட பெரிய லாவெண்டர் பே படங்கள் வர ஆரம்பிச்சது சரியா இந்த நேரம்: 1974ல பிக் ஆரஞ்ச் சன்செட், 1974-75ல ஹென்றிஸ் ஆர்ம்சேர், 1975ல தி பால்கனி 2, 1976ல செல்ஃப் போர்ட்ரெய்ட் இன் த ஸ்டூடியோ, 1977ல ஜக்கரண்டா மரம். 1969 கடைசிலயே ஊருக்கு வந்த ஆளு, வியூ மட்டும் போதும்னா அஞ்சு வருஷம் முன்னாடியே இந்த வரிசை கொட்டியிருக்கணும். நடுவுல அவர் செஞ்ச பெரிய வேலை ஆல்கெமி, 1972-73, அதுவும் 18 பேனல், அதுல நியூயார்க் மனசுதான் இன்னும் ஓடுது.

ஜன்னல் என்ன பண்ணுச்சு

இங்க கொஞ்சம் நின்னு பாப்போம்.

முதல் விஷயம் வெளிச்சம். தெற்கு அரைக்கோளத்துல சூரியன் வடக்கு பக்கமா போகும். இந்த வீடு வடக்கு கரையில நின்னு தெற்கு, தென்கிழக்க பாக்குது, அப்போ பகல்ல பெரும்பாலும் வெயில் வீட்டுக்கு முதுகு பக்கம். எதிர் கரையில இருக்கறவனுக்கு தண்ணி கண்ணு கூசும், இங்க இருந்து பாக்கறவனுக்கு கூச்சம் கம்மி, நீலம் ஆழமா தெரியும். அல்ட்ராமரின் மேல அவருக்கு இருந்த வெறிய அவரே சொல்லிருக்காரு, வேற எந்த கலரும் பண்ணாத ஒண்ணை அது தன் நரம்புல பண்ணுதுன்னு. அந்த வெறி அவரோடது, ஆனா அதுக்கு தினமும் தீனி போட்டது வீடு நின்ன திசை.

ரெண்டாவது உயரம். சரிவு மேல இருந்து கீழ பாத்தா தண்ணி தரை மாதிரி படுத்து கிடக்காது, சுவர் மாதிரி நிமிர்ந்து நிக்கும். அடிவானம் கேன்வாஸோட மேல் விளிம்புக்கு போயிடும், சில படத்துல இல்லவே இல்ல. படகு எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா இல்லாம ஒரே நீலத்துல மேலயும் கீழயுமா ஒட்டி வச்ச மாதிரி வருது. தி பால்கனி 2 கிட்ட போயி பாத்தீங்கன்னா இது நல்லா புரியும், மூணரை மீட்டருக்கு மேல அகலம், முக்காவாசி இடத்துல ஒரே ராத்திரி நீலம், முன்னாடி பால்கனி கம்பி வளைஞ்சு ஓடுது, படகெல்லாம் ஒரே இழுப்புல போட்ட வெள்ளை கோடு, சீன பிரஷ் எழுத்து மாதிரி. கம்பி இல்லேன்னா அது வெறும் நீல பரப்பு, கம்பி வந்த உடனே நாம ஒரு வீட்டுக்குள்ள நின்னு பாக்கறோம்னு ஆயிடுது. அந்த ஒரு கோட்டுக்காகவே வீடு தேவைப்பட்டுச்சு.

மூணாவது, இது எனக்கு ரொம்ப பிடிச்சது, அவர் வியூவை காப்பி அடிக்கல. பிக் ஆரஞ்ச் சன்செட்ல கேன்வாஸ் முழுக்க ஆரஞ்சு, தண்ணின்னு தனியா ஒண்ணும் இல்ல, அதுல ரெண்டு மூணு படகு மிதக்குது. ஆனா அந்த ஜன்னல் பாக்கற பக்கம் சூரியன் மறையற பக்கம் கிடையாதே. மறையற வெளிச்சம் குடாவுல பட்டு திரும்புற நேரம் ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாம் பழுப்பா சிவக்கும், அதை எடுத்து முழு உலகமா ஆக்கிட்டாரு. அதே மாதிரி வீட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல இருந்த ரயில்வே நிலம் அப்போ புதரும் உடைஞ்ச பாட்டிலும் தூக்கி எறிஞ்ச மெத்தையுமா கிடந்த இடம், இந்த பேர் போன படங்கள்ல அந்த குப்பை எங்கயுமே இல்ல. தினமும் கண்ணுல பட்டிருக்கும், கை அதை விட்டுட்டு தாண்டி போயிருக்கு. 1974 வாக்குல அவரே சொன்னதோட சாரம், பயமோ மிரட்டலோ தலை தூக்காத, கண்ணுக்கு கெடைக்கற பரவசம் தான் இந்த படங்களோட குறிங்கறது. அப்போ வேணுங்கறதை எடுத்து வேணாங்கறதை விட்ட கணக்கு தெளிவாவே இருந்திருக்கு.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸையும் சொல்லாம விட முடியாது. ஹென்றிஸ் ஆர்ம்சேர்ங்கற தலைப்புல இருக்கற ஹென்றி அவர்தான். ரூமும் அதுல இருக்கற சாமானும் ஒரே தளத்துல, ஒரே கலர்ல மூழ்கி கிடக்கற யோசனை மத்தீஸோட ரெட் ஸ்டூடியோவுல 1911லயே இருக்கு. லாவெண்டர் பேல வைட்லி செஞ்சது, அந்த யோசனைக்கு ஒரு நிஜ வீட்டை கண்டுபிடிச்சது. இதே ஹார்பரை 1890கள்ல ஸ்ட்ரீட்டன், டாம் ராபர்ட்ஸ்னு ரெண்டு ஆஸ்திரேலிய ஓவியர்கள் மாஸ்மன் பக்கம் கர்லூ கேம்ப்ல டென்ட் போட்டு தங்கி வரைஞ்சாங்க, அவங்களுக்கு ஹார்பர்னா வெளில போயி நின்னு பாக்கற இடம். வைட்லிக்கு அது ஹால்ல நாற்காலிக்கும் பூ ஜாடிக்கும் பக்கத்துல இருக்கற இன்னொரு பொருள். இந்த வித்தியாசம் வியூவால வரல, வீட்டால வந்தது.

1976 படத்துல ரூம் திரும்பி பாக்குது

செல்ஃப் போர்ட்ரெய்ட் இன் த ஸ்டூடியோ, அந்த வருஷம் ஆர்ச்சிபால்ட்ங்கற ஆஸ்திரேலியாவோட பெரிய போர்ட்ரெய்ட் பரிசை வாங்குச்சு, இப்போ ஆர்ட் கேலரி ஆஃப் நியூ சவுத் வேல்ஸ்ல இருக்கு. செல்ஃப் போர்ட்ரெய்ட்னு பேரு, ஆனா மூஞ்சிய தேடணும். ரெண்டு மீட்டருக்கு ரெண்டரை மீட்டர் படம், எங்க பாத்தாலும் நீலம், சுவர் எது தரை எதுன்னு தெரியாத நீலம், ஒரு பக்கம் சோபாவுல படுத்த பெண் உருவம், நீல வெள்ளை ஜாடி, இடது மேல் மூலையில ஜன்னல், அதுல லாவெண்டர் பே. மூஞ்சி எங்கன்னா கீழ, ஒரு கை கண்ணாடிய புடிச்சிருக்கு, அந்த கண்ணாடிக்குள்ள உள்ளங்கை அளவு சுருள் முடியோட ஒரு தலை. அவ்ளோதான் அவரு. வீட்டுக்காரரு வீட்டுக்குள்ள ஒரு சாமான் அளவுக்கு சுருங்கிட்டாரு.

மத்த படங்கள்ல ஜன்னல் வாங்கன்னு கூப்பிடும், இதுல அது எட்டாத தூரத்துல இருக்கு, நடுவுல நீச்சல் குளம் அளவு நீலத்தை தாண்டணும். விமர்சகர்கள்ல சில பேர் இதுல கூண்டுத்தனத்தையும் போதை பழக்கத்தையும் பாக்கறாங்க, நானும் அந்த கட்சிதான். ஹெராயின் வீட்டுக்குள்ள வந்ததும் இந்த எழுபதுகளோட நடுவுலதான். அந்த பரவச படங்களும் இந்த பழக்கமும் ஒரே கூரைக்கு கீழ, ஒரே வருஷங்கள்ல நடந்துச்சு, அதனால இந்த வீட்டை வெறும் சொர்க்கமா எழுதற கட்டுரைங்க பாதி கதைய முழுங்கிடறாங்க. 1978ல அவர் ஆர்ச்சிபால்ட், வின், சல்மன்னு மூணு ஓவிய பரிசையும் ஒரே வருஷத்துல அடிச்சாரு, அதுக்கு முன்னாடி யாருக்கும் அது நடக்கல, அதுல ஆர்ச்சிபால்ட் வாங்கின ஆர்ட் லைஃப் அண்ட் தி அதர் திங் படத்துல ஊசியோட அலறுற பபூன் குரங்கு ஒண்ணு இருக்கு. பரிசு கமிட்டிக்கு முன்னாடியே தன் பிரச்சனைய எடுத்து வச்சுட்டாரு மனுஷன்.

வியூ மாறல, படம் மாறிடுச்சு

எண்பதுகள் பூரா அந்த ஜன்னல் அங்கயே தான் இருந்துச்சு. 1988 வாக்குல அவர் சிட்னிலயே சர்ரி ஹில்ஸ்ங்கற ஏரியால இருந்த ஸ்டூடியோவுக்கு குடி போற வரைக்கும் வீடும் கையிலதான் இருந்துச்சு. ஆனா பேசப்பட்ட வேலைங்க வேற பக்கம் நகர்ந்துடுச்சு, பைரன் பே, தெற்கு கடற்கரை, பறவைகள். 1984ல வின் பரிசு வாங்கினது சவுத் கோஸ்ட் ஆஃப்டர் ரெயின், அதுல லாவெண்டர் பே இல்ல. ஹார்பரை சுத்தமா விட்டுட்டாருன்னு சொல்லல, அப்பப்போ திரும்பி வந்தாரு, ஆனா 1974ல இருந்து 78 வரைக்கும் இருந்த அந்த அழுத்தம் திரும்ப வரல, இது என் அபிப்பிராயம், மாத்து கருத்து இருக்கறவங்க சொல்லலாம். காரணம் வியூதான்னா காரணம் இருக்கறப்பவே விளைவு எப்படி குறையும்? அந்த அஞ்சு வருஷத்துல மட்டும் ஒண்ணா சேந்து இருந்தது வேற: புதுசா திறந்த வீடு, ஊருக்கு திரும்பி வந்த நிம்மதி, அந்த வீட்டை நடத்தின வெண்டி.

சர்ரி ஹில்ஸ் ஸ்டூடியோ 1985ல வாங்கினது, பழைய டி-சர்ட் ஃபேக்டரி, சந்துக்குள்ள, தண்ணி வாசனையே கிடையாது. வெண்டி போதைய விட்டு வெளிய வந்தாங்க, அவரால முடியல, 1989ல விவாகரத்து. 1992 ஜூன்ல திரூல்ங்கற கடற்கரை ஊர்ல ஒரு மோட்டல் ரூம்ல செத்து போயிருந்தாரு, 53 வயசு.

வெண்டி

நிறைய கட்டுரைல வெண்டிக்கு மாடல், மியூஸ், மனைவின்னு மூணு வார்த்தை போட்டு முடிச்சிடுவாங்க, இதுல எனக்கு கொஞ்சம் கடுப்பு உண்டு. அவங்களும் ஆர்ட் படிச்சவங்க. அந்த ஹால்ல எந்த நாற்காலி எங்க, எந்த ஜாடி எங்க, சுவர்ல எவ்ளோ வெறுமை விடணும்ங்கறதுல அவங்க கை இருந்துச்சு. அப்போ இன்டீரியர் படம்னு சொல்லப்படற அத்தனைலயும் ஒரு பாதி கம்போசிஷன் பிரஷ் எடுக்கறதுக்கு முன்னாடியே போட்டு வச்சதுதானே.

இதுக்கு பெரிய சாட்சி அவர் இறந்ததுக்கு அப்புறம் வந்துச்சு. 1992ல வெண்டி வீட்டுக்கு கீழ அந்த ரயில்வே குப்பை மேட்டுக்குள்ள இறங்கி கையால சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க. யாருகிட்டயும் பர்மிஷன் கேக்கல, நிலம் அவங்களுது இல்ல, காசு அவங்க பாக்கெட்ல இருந்து. வேலைக்கு ஆள் வச்சாங்க, வருஷக்கணக்குல அந்த சரிவு முழுக்க அத்தி, பனை, பெரணி, வளைஞ்சு போற படின்னு தோட்டமாயிடுச்சு, இப்போ வெண்டிஸ் சீக்ரெட் கார்டன்னு பேரு, யார் வேணா போலாம், டிக்கெட் கிடையாது. 2001 டிசம்பர்ல ஆர்க்கி கேன்சர்ல இறந்துட்டா, 37 வயசு. அப்பா அஸ்தியும் பொண்ணு அஸ்தியும் அந்த தோட்டத்துலதான் இருக்கு, எந்த இடம்னு வெளிய சொல்லல.

வைட்லி கிட்டத்தட்ட இருபது வருஷமா கண்டுக்காம தாண்டி பாத்த குப்பைய, படத்துல சேக்காம விட்ட அதே நிலத்தை, அந்தம்மா தோட்டமா மாத்தினாங்க. அதே வீடு, அதே சரிவு, வேற ஆள், வேற மாதிரி வேலை. அந்த வீடு வைட்லி கைய விட்டு போனதுக்கு அப்புறமும் வேலை செஞ்சுதுன்னா அதுல இருந்த உயிர் ஒரு ஆளோட திறமை மட்டும் இல்லன்னு தானே அர்த்தம்.

விலை, போலி, சட்டம்

2020 நவம்பர்ல ஹென்றிஸ் ஆர்ம்சேர் ஏலத்துல 61 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல போச்சு, அந்த நேரத்துக்கு ஆஸ்திரேலிய ஓவிய ஏலத்துலயே அதுதான் ரெக்கார்டு. அதுக்கு முன்னாடியே லாவெண்டர் பேங்கறது ஒரு சந்தை சரக்கு ஆயிடுச்சு, எந்த அளவுக்குன்னா 1988 தேதி போட்ட பெரிய நீல லாவெண்டர் பே படம் ஒண்ணு 25 லட்சம் டாலருக்கும் ஆரஞ்சு ஒண்ணு 11 லட்சத்துக்கும் வித்து, ரெண்டும் போலின்னு புகார் வந்து, மெல்பர்ன்ல கிரிமினல் கேஸ் நடந்துச்சு. 2016ல ஜூரி ரெண்டு பேரை குத்தவாளின்னுச்சு, 2017ல அப்பீல் கோர்ட் ரெண்டு பேரையும் விடுதலை பண்ணிடுச்சு, அதனால அதுல யாரை பத்தியும் நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. நான் கவனிச்சது வேற, அந்த கேஸ்ல வெண்டி சாட்சி சொன்னாங்க. கோடு, கலர், ஃபிரேம்னு நிபுணர்கள் ஒரு பக்கம் பேசிட்டு இருக்க, அந்த ரூம்லயே வாழ்ந்தவங்க வந்து இது அவர் படம் இல்லன்னாங்க.

2018ல நியூ சவுத் வேல்ஸ் மாநில பாரம்பரிய பட்டியல்ல வீடு சேந்துச்சு. அதுல கவனிக்க வேண்டியது, கட்டடத்தை மட்டும் சேக்கல, அங்க இருந்து தெரியற காட்சி பரப்பையும் சேத்துதான் பதிவு பண்ணிருக்காங்க. ஜன்னலை வச்சுக்கிட்டு முன்னாடி பெரிய கட்டடம் வந்தா வீட்டை காப்பாத்தி என்ன பிரயோஜனம்ங்கற கணக்கு, ரொம்ப சரியான கணக்கு. தோட்டத்துக்கு ஏற்பாடு 2015லயே வந்துடுச்சு, ரயில்வே நிலத்தை மாநில அரசு நார்த் சிட்னி கவுன்சிலுக்கு 30 வருஷ குத்தகைக்கு குடுத்துச்சு, இன்னொரு 30 வருஷம் நீட்டிக்கலாம்ங்கற ஷரத்தோட. முதல் தவணை 2045ல முடியுது. ஆனா குத்தகையாலயும் பட்டியலாலயும் காப்பாத்த முடியறது நிலம், சுவர், காட்சி இந்த மூணையும்தான். எந்த நாற்காலிய எங்க போடணும்ங்கறதுக்கு எந்த ஷரத்தும் கிடையாது, அதை எழுதி வைக்கணும்னா வெண்டி கிட்டதான் கேட்டு எழுதணும்.